பழைய மெத்தை, கட்டில், சோபா: பெங்களூரில் யாரிடம் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்பி டவுன், ஈஜிபுரா போன்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளில் குப்பையைப் பிரிப்பது பற்றிப் பேசினால், ஈரக் குப்பை, உலர் குப்பை பற்றிய சந்தேகங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. வீட்டிலிருந்து வெளியேறும் பெரிய பொருள்களைப் பற்றிய கேள்விகள்தாம் தீராமல் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, தெரிந்த வரையில் விடை எழுதியிருக்கிறேன்.

தினமும் வருகிற குப்பை வண்டி எங்கள் பழைய சோபாவை ஏன் எடுப்பதில்லை? வரி கட்டுகிறோமே!

காலையில் வரும் ஆட்டோ டிப்பர் அன்றாடக் குப்பைக்காக அமைந்த வண்டி. ஓட்டுநர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்று இரண்டே பேர், ஒரு வண்டிக்குச் சுமார் 750 வீடுகள் என்ற கணக்கில் சில மணி நேரத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும். ஒரு சோபாவை ஏற்றினால் பின்பெட்டியில் பாதி இடம் போய்விடும், மீதி வீடுகளின் குப்பை தெருவிலேயே நிற்கும். அதைவிடப் பெரிய தடை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. டிப்பரில் சேருவது, குப்பையை அழுத்திக் கொண்டுபோகும் காம்பாக்டர் லாரிக்கு மாற்றப்படுகிறது. மரச்சட்டமும் இரும்புச் சுருளும் அந்த அழுத்தத் தகட்டில் சிக்கினால் லாரியே நின்றுவிடும். ஆகவே ஓட்டுநர் மறுப்பதை அவருடைய பிடிவாதம் என்று எண்ண வேண்டாம்.

கட்டணத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு சேர்த்துத் திடக்கழிவுப் பயனர் கட்டணம் வாங்கப்படுகிறது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாயில் தொடங்கி, 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 400 ரூபாய் வரை அது உயர்கிறது. கட்டணம் செலுத்துகிறவருக்குப் பெரிய பொருளுக்கும் ஒரு வழி காட்டும் கடமை நகர நிர்வாகத்துக்கு உண்டு, அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கும் உண்டு. வழி கிடைக்கும் வரை பொருளைத் தெருவில் வைக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

அப்படியானால் யாரிடம் கேட்பது? பிபிஎம்பியே இப்போது இல்லை என்கிறார்களே?

2025 செப்டம்பர் 2ஆம் தேதி முதல் பிபிஎம்பி என்ற பழைய பெருநகர மாநகராட்சிக்குப் பதிலாக மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் இயங்குகின்றன. அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் இருக்கிறது. குப்பையைப் பொறுத்த வரையில் ஐந்துக்கும் சேர்த்துப் பெங்களூரு திடக்கழிவு மேலாண்மை நிறுவனமே பொறுப்பு. எந்த மாநகராட்சி எல்லைக்குள் வீடு விழுந்தது என்று தெரியாததால் முறையிடாமல் இருக்க வேண்டியதில்லை.

1533 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பொருள்களுக்கென்று தனி வண்டி, தனி நாள் என்ற ஏற்பாடுகள் பகுதிக்குப் பகுதி வேறுபடுகின்றன, அவ்வப்போது மாறவும் செய்கின்றன. உங்கள் பகுதியில் அடுத்தது எப்போது என்பதையும் அப்போதே கேளுங்கள். என்ன பொருள், எத்தனை, எந்த மாடி, வீட்டு வாசல் வரை வண்டி வருமா என்ற நான்கையும் முதலிலேயே சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் குறையும். சந்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு நான்காவது விவரம் மிக முக்கியம். கன்னடத்தில் தயங்காமல் பேசக்கூடிய பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பேசச் சொல்வதில் தவறில்லை.

இதோடு, வார்டுகளில் உள்ள உலர் கழிவு மையங்களையும் ஒரு முறை நேரில் பார்த்து வையுங்கள். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே அவற்றில் பலவற்றை நடத்துகிறார்கள். பொருள்களின் தரத்தை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இந்த நகரத்தில் வேறு யாரும் இல்லை. எதை வாங்குவார்கள், எதை வாங்கமாட்டார்கள் என்று அவர்கள் சொல்வதை நம்பலாம்.

பெரிய பொருள் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

கட்டில், மெத்தை, சோபா, மேசை, பீரோ, கதவு, தண்ணீர் டிரம் என்று தொட்டியிலும் பையிலும் அடங்காத, ஒருவர் தனியாகத் தூக்க முடியாத வீட்டுச் சாமான்களை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கும், இடித்த கல் மண்ணுக்கும் வேறு விதிகள் உண்டு. அவற்றைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பழைய சாமான் வாங்கும் குஜிரிக்காரர் இரும்புப் பீரோவை எடுத்துக்கொள்கிறார். மெத்தையைத் தொடவே மாட்டேன் என்கிறார். ஏன்?

குஜிரிக்கடை இயங்குவது எடைக்குக் கிடைக்கும் விலையை வைத்து. இரும்பை உருக்கினால் மறுபடியும் இரும்பு, ஆகவே பீரோவுக்கு எப்போதும் ஆள் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலியும் டிரம்மும் நாயண்டஹள்ளியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பட்டறைகளுக்குப் போய்ச் சேரும். தேக்கு போன்ற முழு மரத்தைப் பழைய மரக்கடைக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். ஆனால் மெத்தையில் மேலுறை ஒரு பொருள், நுரை ஒரு பொருள், ரப்பர் பால் தெளித்துக் கெட்டியாக்கிய தென்னை நார் ஒரு பொருள், சில வகைகளில் உள்ளே இரும்புச் சுருளும் உண்டு. எல்லாம் பசையாலும் தையலாலும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. தள்ளுவண்டி முழுவதையும் அடைத்துக்கொண்டு எடையில் ஒன்றுமில்லாத சரக்கு அது. பிரிக்கும் கூலி கிடைக்கும் விலையைவிட அதிகம். சோபாவுக்கும் இதே கதிதான். பிளைவுட்டும் மரத்தூளைப் பிசினால் அழுத்திச் செய்த பலகையும் மரம்போல் தோன்றினாலும் மரக்கடையில் விலைபோகா.

தெருமுனையில் கிடப்பவற்றை உற்றுப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். அங்கே இரும்புக் கட்டில் ஒருநாளும் கிடக்காது, மெத்தையும் சோபாவும் உடைந்த பலகையுமே கிடக்கும். ஆகவே என்னிடம் கேட்பவர்கள் எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது இதுதான்: வெளியே எடுக்கும் முன் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். பெரிய பொருள் என்பது பல சிறு பொருள்களின் கட்டு, அவிழ்த்தால் அதில் பெரும்பகுதிக்குப் போக்கிடம் இருக்கிறது. சோபாவின் துணியையும் நுரையையும் ஒரு கத்தியால் அறுத்து எடுத்தால் மிஞ்சுவது மரச்சட்டம், ஆணி, சில சமயம் சுருள். ஒரு மாலை நேர வேலை. மாநகராட்சி வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிய பகுதி அப்போது ஒரு மூட்டைக்குச் சுருங்கிவிடும்.

சரி, மெத்தையை என்னதான் செய்வது?

எந்த வகை மெத்தை என்பதைப் பொறுத்தது. இலவம்பஞ்சு மெத்தை என்றால் அதைக் கழிவாகக் கருதவே வேண்டாம். பஞ்சடித்து மெத்தை தைக்கும் கடைகள் நகரத்தின் பழைய பகுதிகளில் இன்னும் இருக்கின்றன. பஞ்சைப் பிரித்து, அடித்து, வெயிலில் காயவைத்துத் தலையணையாகவோ சிறு மெத்தையாகவோ தைத்துத் தருவார்கள். ஸ்பிரிங் மெத்தை என்றால் மேலுறையைக் கிழித்துச் சுருள் சட்டத்தைத் தனியே எடுங்கள், குஜிரிக்காரர் அதை மறுக்கமாட்டார். சுத்தமான, காய்ந்த நுரையைச் சீவித் துண்டுகளாக்கி மறுபடி அழுத்திப் புதுப் பலகையாகச் செய்யும் தொழில் உண்டு. அதற்குப் போகக்கூடியதா என்று உலர் கழிவு மையத்தில் கேளுங்கள்.

நார் மெத்தைதான் கடினம். ரப்பர் சேர்ந்த நார் எளிதில் மட்காது, விலையும் போகாது. அதை இரண்டடித் துண்டுகளாக அறுத்து, கயிற்றால் கட்டி, நனையாமல் வைத்துப் பெரிய பொருள் வண்டி வரும் நாளில் கொடுப்பதே வழி. நனையாமல் என்பதை மீண்டும் சொல்கிறேன். மறுசுழற்சிக்கு உதவாத, ஆனால் எரிதிறன் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் உள்ள கழிவை நிலத்தில் கொட்டக் கூடாது, சிமென்ட் உலை போன்ற இடங்களுக்கு எரிபொருளாக அனுப்ப வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மழையில் ஊறிய மெத்தை அதற்கும் பயன்படாமல் குப்பை மேட்டுக்குத்தான் போகும். அந்த மேடுகள் யாருடைய ஊரில் இருக்கின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது. மாவள்ளிபுரா மக்கள் போராடி 2012இல் அங்கே குப்பை கொட்டுவது நின்றது, மண்டூர் மக்கள் போராடி 2014 டிசம்பரில் அங்கேயும் நின்றது. நின்ற பிறகு குப்பை வேறோர் ஊருக்குப் போனதே தவிர, குறைந்துவிடவில்லை.

புது மெத்தை வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னால், எடுத்துப்போய் என்ன செய்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். அவர் படுத்திருந்த மெத்தையை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார்கள். அன்றைக்கே எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் விதிகளைப் பேசும் நேரம் அதுவல்ல என்பதால், அக்கம்பக்கத்தினர் தெரிந்து வைத்துக்கொள்வதற்காகவே இங்கே எழுதுகிறேன். வழக்கம் கேட்பது மெத்தை வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பதை. தெருமுனையிலோ ஏரிக்கரையிலோ சுடுகாட்டுச் சுவரோரத்திலோ அது கிடக்க வேண்டும் என்று எந்த வழக்கமும் கேட்பதில்லை. அன்றே மெத்தையைச் சுருட்டி, பெரிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, வெளிப்புறத்தில் மழை படாத ஓரிடத்தில் வைத்துவிட்டால் போதும். பிறகு உறவினரோ தெருவில் உள்ள இளைஞர்களோ 1533இல் பேசி, முந்தைய விடையில் சொன்னபடி பிரித்துக் கொடுத்துவிடலாம். துக்க வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இது சிறியது அல்ல.

நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர் என்றால் டயாப்பர், கட்டுத்துணி, ஊசி, மீந்த மருந்து ஆகியவையும் இருக்கும். அவற்றை மெத்தைக்குள் வைத்துச் சுருட்டாதீர்கள், பிரிக்கிறவரின் கையில் ஊசி ஏறும். டயாப்பரும் கட்டுத்துணியும் சானிட்டரி கழிவு. ஊசியும் மருந்தும் வீட்டு அபாயக் கழிவு. இரண்டையும் தனித்தனியே தாளில் சுற்றி, இன்னதென்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போகியன்று பழைய பாய், தலையணையெல்லாம் எரிப்பது நம் வழக்கம்தானே?

வழக்கம் தோன்றிய காலத்தில் எரிக்கப்பட்டவை கோரைப்பாயும் பழந்துணியும் துடைப்பமும். இன்று வீட்டிலிருந்து வெளியேறுவது பாலியூரித்தேன் நுரை. அது எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படும். குறுகிய தெருவில் அந்தப் புகை எதிர்வீட்டுத் தொட்டிலுக்குத்தான் போகும். சட்டமும் தெளிவாக இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் இழப்பீடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த வழக்கின் வேர் நம் ஊரிலேயே இருக்கிறது: பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு அது.

போகிக்கு முன் வீட்டை ஒழிக்கும் நல்ல பழக்கத்தை விட வேண்டாம். ஒழித்ததைக் கொடுத்துவிடலாம். கோரைப்பாய் பிளாஸ்டிக் நூல் இல்லாததாக இருந்தால் வெட்டித் தோட்டத்து உரக்குழியில் போடலாம்.

இன்னும் நன்றாக இருக்கும் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

அதைவிட நல்ல வழி இல்லை. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மட்டும் மூட்டுகளையும் துளைகளையும் உண்மையாகப் பார்த்துக் கொடுங்கள். ஒரு கட்டிலோடு போகும் பூச்சி வாங்கியவர் வீட்டை மாதக்கணக்கில் வாட்டும். 2023 மே மாதத்தில் நாடு முழுவதும் நகராட்சிகள் பழைய பொருள் ஏற்கும் மையங்களைத் திறந்தபோது பெங்களூரிலும் திறந்தார்கள். உங்கள் வார்டில் அது இப்போதும் இயங்குகிறதா என்று கேட்டுவிட்டுப் பொருளைத் தூக்குங்கள்.

குப்பை வண்டி உதவியாளர் 200 ரூபாய் கொடுத்தால் சோபாவை எடுத்துப் போகிறேன் என்கிறார். தரலாமா?

முதல் விடையில் சொன்னபடி அவருடைய வண்டியில் அதற்கு இடமில்லை, லாரியிலும் ஏற்ற முடியாது. ஆகவே அந்தச் சோபா பெரும்பாலும் அடுத்த தெருமுனைக்கோ ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாயின் ஓரத்துக்கோ போகும். குறைந்த கூலிக்கு உழைப்பவர் கூடுதலாகக் கொஞ்சம் சம்பாதிக்க நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அவரைக் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே கொண்டுபோவீர்கள் என்பது. கடையின் பெயரோ மையத்தின் பெயரோ சொன்னால் கொடுங்கள், உழைப்புக்குக் கூலியும் கொடுங்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னால் கொடுக்காதீர்கள். சோபாவைப் பிரிக்க உதவச் சொல்லி அதே 200 ரூபாயைத் தருவது இருவருக்கும் நல்லது.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பழைய கட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா?

வீட்டு உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும். இல்லையென்றால் அப்புறப்படுத்தும் செலவு என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார், கட்டிலும் தெருவுக்குத்தான் வரும். காலி செய்யும் தேதி முடிவானதுமே பொருள்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்குங்கள். கடைசி நாள் இரவில் யாரும் நிதானமாக எதையும் செய்வதில்லை. பெயின்ட் அடித்து ஒப்படைத்தால் மீந்த டப்பாக்கள் அபாயக் கழிவில் சேரும், கட்டிலோடு போடக் கூடாது.

ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் குஜிரிக்காரர் நல்ல விலைக்குக் கேட்கிறார். அதில் என்ன தவறு?

அவர் கேட்பது உள்ளே உள்ள செம்புக்கும் கம்ப்ரசருக்கும். செம்புக் குழாயை வெட்டும் கணத்தில் குளிரூட்டும் வாயு முழுவதும் காற்றில் கலக்கும். பல ஃபிரிட்ஜ்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. புதியவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும், வெட்டுகிறவருக்கே ஆபத்து.

2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி, விற்ற பொருள் பழசானபின் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாக அது முறையாகக் கழிவதை உறுதிசெய்வது உற்பத்தி நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேளுங்கள். நகரத்துக்கு அருகே தாபஸ்பேட்டையில் இ-பரிசரா என்ற மறுசுழற்சி ஆலை 2005 முதல் இயங்கி வருகிறது. கிடைக்கும் விலை குஜிரிக்கடையைவிடக் குறைவாக இருக்கலாம், அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

குளியலறையை இடித்துக் கட்டினோம். உடைந்த டைல்ஸ், பேசின் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தால் எடுப்பார்களா?

கட்டட இடிபாட்டுக்குத் தனி விதிகள், தனி ஏற்பாடு. அதை வீட்டுக் குப்பையோடும் மேற்சொன்ன பெரிய பொருள்களோடும் கலக்கக் கூடாது. மேஸ்திரியிடம் வேலை பேசும்போதே இடிபாட்டை அப்புறப்படுத்தும் செலவையும் இடத்தையும் சேர்த்துப் பேசி முடிவு செய்யுங்கள். காலி மனை எதுவானாலும் பரவாயில்லை என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். குழாய், கதவு, கம்பி ஆகியவற்றுக்குக் குஜிரிக்கடை போதும்.

எங்கள் அபார்ட்மென்ட்டை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்கிறார்கள். அப்படியானால் எங்கள் சோபா, மெத்தையெல்லாம் மாநகராட்சியின் பொறுப்பா, எங்கள் பொறுப்பா?

அந்தப் பிரிவை முடிவு செய்வதில் அன்றாடம் சேரும் அளவு முக்கியமானது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகம் அதில் அடங்கும், அது தன் கழிவைத் தானே பதப்படுத்தவோ அங்கீகரிக்கப்பட்ட சேவையாளரிடம் கொடுக்கவோ வேண்டும். ஆகவே உங்கள் பெரிய பொருள்களுக்கும் சங்கம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். சேவையாளருடனான ஒப்பந்தத்தில் இதையும் எழுதிச் சேருங்கள். பல ஒப்பந்தங்களில் ஈரமும் உலரும் மட்டுமே இருக்கும், கட்டில் வந்ததும் தகராறு தொடங்கும்.

ஆண்டுக்கு இரண்டு நாள்களை முன்கூட்டியே அறிவித்து எல்லா வீட்டாரும் அன்றே கொண்டுவரச் செய்தால் ஒரே லாரியில் முடிந்துவிடும், செலவும் பகிர்ந்துகொள்ளப்படும். அதுவரை பொருள்கள் அவரவர் வீட்டில் இருக்கட்டும். படிக்கட்டுக்கு அடியிலும் மின்மீட்டர் அறையிலும் மெத்தைகளை அடுக்கி வைக்கும் வளாகங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. தீ பிடித்தால் இறங்கி ஓட வேண்டிய வழி அதுதான்.

மொட்டை மாடியில் கிடந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன தொந்தரவு?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, உடைந்த தொட்டியிலும் கவிழ்க்காத டிரம்மிலும் வாஷிங் மெஷின் உருளையிலும் தேங்கும் சிறிதளவு மழைநீரில் முட்டையிடும். 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு உற்பத்திக்கு இடம்தரும் நகர்ப்புற வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதமும் விதித்தது. கொஞ்ச காலம் வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் கவிழ்த்து, மூடி வையுங்கள்.

யாரோ இரவோடு இரவாக எங்கள் வீட்டு மூலையில் ஒரு சோபாவைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது எங்கள் தலையில் விழுமா?

போட்டவர் மீதுதான் அபராதம் விழ வேண்டும், இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் மீது அல்ல. 2025 அக்டோபர் இறுதியில், தெருவில் குப்பை போட்டவர்களைக் கண்டறிந்து, அவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொட்டி அபராதமும் விதித்தார்கள். அந்த முறை சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனக்கும் ஒருவரை அவமானப்படுத்தித் திருத்துவதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் போடுகிறவரைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

உங்களைப் பொறுத்த வரை வேகம்தான் முக்கியம். ஒரு சோபா இரண்டு நாள் கிடந்தால் அந்த இடம் எல்லோருக்கும் குப்பை போடும் இடமாகிவிடும். மூன்றாம் நாள் அங்கே மூட்டைகள் சேரும், அதன் பிறகு அகற்ற வரும் வண்டிக்கும் அது பழகிப்போன இடமாகிவிடும். காலையிலேயே தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து 1533இல் பதிவு செய்யுங்கள். எதிரே கேமரா உள்ள கடை இருந்தால் அன்றே பதிவைக் கேட்டு வாங்குங்கள், பல கேமராக்களில் பழைய பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்துவிடும். தெருவில் நாலைந்து வீட்டார் தனித்தனியாகப் புகார் செய்தால் கவனம் விரைவில் கிடைக்கும். அதற்கும் வண்டி தாமதமானால், நான்காவது விடையில் சொன்னபடி சோபாவைப் பிரித்துச் சட்டத்தைக் குஜிரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, மீதியை மூட்டையாகக் கட்டி, புகார் எண்ணை ஒரு அட்டையில் எழுதி அதன்மேல் ஒட்டி வையுங்கள். எடுக்க வருகிறவருக்கும் அடுத்துப் போட வருகிறவருக்கும் அந்த எண் கண்ணில் பட வேண்டும்.